மருந்தால் விந்தணு குறையுமா, மூலிகை அதைத் தடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடையில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். மருந்தாளுநர் படிப்பு படித்தவன், மருத்துவர் இல்லை. கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, கடைசியில் மெல்லிய குரலில் "அண்ணே, இந்த மாத்திரை சாப்பிட்டா குழந்தை பிறக்காதாமே, அதுக்கு ஏதாவது மூலிகை இருக்கா?" என்று கேட்கிற ஆண்களை நிறையப் பார்த்துவிட்டேன். பாதி கேட்பார்கள், மீதியை விழுங்கிவிடுவார்கள். நானும் கல்லாவில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. அதனால் அவர்கள் கேட்டதையும், கேட்காமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரடியாகச் சொல்லுங்கள்: மருந்தின் பக்கவிளைவிலிருந்து விந்தணுவைக் காக்கும் மூலிகை உண்டா?

மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்டது ஒன்றும் இல்லை. எலிகளிடம் நிறைய இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் பலருடைய பணமும், அதைவிட முக்கியமாக அவர்களுடைய நேரமும் போகிறது. கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) தொடங்கப்போகிற ஒருவருக்கு அந்த நேரம் திரும்பக் கிடைக்காது.

எந்த மருந்துகள் உண்மையிலேயே பாதிக்கின்றன? எல்லா இங்கிலீஷ் மருந்தும் அப்படித்தானே?

இல்லவே இல்லை. காய்ச்சலுக்கும் சளிக்கும் நாலு நாள் சாப்பிடுகிற மாத்திரையைப் பற்றி இந்தக் கவலை வேண்டாம். பெரும்பாலான மருந்துகளுக்கும் விந்தணுவுக்கும் சம்பந்தமே இல்லை.

பெரிய பாதிப்பு தருபவை புற்றுநோய் மருந்துகள்தான், அதிலும் முக்கியமாக சைக்ளோபாஸ்பமைட், புரோகார்பசின், குளோராம்புசில், புசல்பான், சிஸ்பிளாட்டின். இவற்றில் சைக்ளோபாஸ்பமைடைப் புற்றுநோய்க்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள் சிறுநீரகத்தைத் தாக்கும்போதும் கொடுக்கிறார்கள். அடுத்தது டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் ஜிம் ஸ்டீராய்டுகளும். குடல் அழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் சல்பாசலசின் விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் (நீந்தும் திறனையும்) குறைக்கும், ஆனால் நிறுத்தினால் திரும்பிவிடும். அரிவாளணு இரத்தசோகைக்குத் தரும் ஹைட்ராக்சியூரியாவும் குறைக்கும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்த நோய் இருப்பதால் அங்கே இளைஞர்களுக்கு இதைச் சொல்லவேண்டிய தேவை இருக்கிறது, அந்த நோயே விந்தணுவைக் குறைக்கக்கூடியது என்பதையும் சேர்த்து. நீண்ட நாள் எடுக்கும் மார்பின் வகை வலிமருந்துகள், கீட்டோகொனசோல் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் இவை ஆண் ஹார்மோன் பக்கம் கை வைப்பவை.

புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் வேறு மாதிரி. அது விந்தணுவைக் கொல்வதில்லை, விந்து வெளியே வருவதை மாற்றிவிடும். சிலருக்குத் துளிகூட வராது. பயந்துபோய் வருவார்கள், மருந்தை மாற்றினால் சரியாகிவிடும்.

மருந்து அங்கே போய் என்னதான் செய்கிறது?

விரையில் ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். அப்புறம் விரையை ஒட்டிய சுருள் குழாயில் முதிர்ச்சி அடைய இன்னும் இரண்டு வாரம் போல. ஆக மொத்தம் மூன்று மாதம். இந்த மூன்று மாதக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

அங்கே செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. வேகமாகப் பிரிகிற செல்லைத் தேடிப்போய் அடிப்பதுதான் கீமோவின் வேலை. புற்றுநோய் செல் எது, விந்தணுத் தாய்செல் எது என்று அதற்குத் தெரியாது. பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் மட்டும் செத்தால் சில மாதங்களில் உற்பத்தி மறுபடி தொடங்கும். அடியில் இருக்கிற மூலசெல்களே போய்விட்டால் வயலில் விதைநெல்லும் போன மாதிரிதான்.

ஹார்மோன் மருந்துகளின் வழி வேறு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை "போதுமான அளவு இருக்கிறது" என்று விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். இரத்தத்தில் ஹார்மோன் நிறைய இருக்கும், விரைக்குள் குறைந்துவிடும், உற்பத்தி நின்றுபோகும்.

மூன்றாவதாக ஆக்சிஜனேற்றச் சேதம். விந்தணுவின் மேல்சவ்வில் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு அதிகம், தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும் வசதியும் குறைவு. சைக்ளோபாஸ்பமைட் உடலில் உடையும்போது அக்ரோலின் என்ற நச்சு வருகிறது, அது இந்தச் சேதத்தைக் கூட்டுகிறது. மூலிகைப் பேச்சு முழுவதும் இந்த மூன்றாவது வழியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. மற்ற இரண்டு வழிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்படியானால் மூலிகை காக்கும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? எல்லாம் புளுகா?

புளுகு என்று நான் சொல்லமாட்டேன். உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. எலிக்கு சிஸ்பிளாட்டினோ டாக்சோரூபிசினோ சைக்ளோபாஸ்பமைடோ கொடுப்பார்கள். ஒரு குழுவுக்கு அதோடு மூலிகைச் சாறும் கொடுப்பார்கள். சில வாரம் கழித்து விரையை எடுத்துப் பார்ப்பார்கள். மூலிகை பெற்ற எலிகளில் சேதம் குறைவாக இருக்கும். கருஞ்சீரகம், இஞ்சி, மஞ்சளின் குர்குமின், பூண்டு, மாதுளை, முருங்கை இலை, அமுக்கரா (அஸ்வகந்தா), நெருஞ்சில் என்று நம் சமையலறையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கிற பாதிப் பொருட்களுக்கு இப்படி ஒரு எலி ஆய்வு இருக்கிறது. எகிப்து, ஈரான், துருக்கி, நைஜீரியா, இந்தியா ஆகிய நாடுகளில் இந்த வகை ஆய்வுகள் நிறைய நடக்கின்றன.

ஏறக்குறைய எல்லா ஆய்வும் "காக்கிறது" என்றே முடிகிறது. இத்தனை செடியும் ஒன்றுபோல வேலை செய்கிறது என்றால், ஒவ்வொரு செடிக்கும் தனித்தனி மகிமை என்பதைவிட, ஆக்சிஜனேற்றத் தடுப்பு குணமுள்ள எதைக் கொடுத்தாலும் எலியில் அப்படித்தான் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பலன் தெரியாத ஆய்வுகளை யாரும் ஆர்வமாக வெளியிடுவதில்லை என்பதும் உண்டு.

எலிக்கு வேலை செய்தால் மனிதனுக்கும் செய்யக்கூடாதா?

செய்யலாம். ஆனால் இடையில் நாலைந்து ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை அளவு. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு என்பது சர்வசாதாரணம். எலி அளவை மனித அளவாக்க 6.2-ஆல் வகுப்பார்கள். கிலோவுக்கு 32 மில்லிகிராம் வருகிறது. 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 2 கிராம் சாறு. சாறு என்றால் செறிவூட்டியது. பத்துப் பங்கு பொடியிலிருந்து ஒரு பங்கு எடுத்தது என்று வைத்துக்கொண்டால், தினமும் 20 கிராம் பொடி. சில ஆய்வுகளில் 500 மில்லிகிராம் கொடுத்திருப்பார்கள். அப்போது தினமும் 50 கிராமுக்குப் பக்கத்தில் போகும். ஒரு சிட்டிகை சூரணத்தைப் பாலில் கலக்குவதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இரண்டாவது, பல ஆய்வுகளில் மூலிகையை மருந்துக்கு முன்பே கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நம் ஆட்களோ கீமோ முடிந்து, அறிக்கையில் பூஜ்யம் என்று வந்த பிறகுதான் தேடுகிறார்கள்.

மூன்றாவதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. அந்த எலிகளுக்குப் பெரும்பாலும் புற்றுநோயே கிடையாது. ஆரோக்கியமான எலிக்கு கீமோ கொடுத்து விரையைப் பார்க்கிறார்கள். விரையைக் காத்த அந்த மூலிகை, கட்டியையும் சேர்த்துக் காத்துவிடுமா? அந்தக் கேள்வியை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. ஒரு நோயாளிக்கு அதைவிட முக்கியமான கேள்வி என்ன இருக்கிறது?

அப்புறம், ஒரு குழுவுக்கு ஆறு அல்லது எட்டு எலிகள்தான். குட்டி போட்டதா என்று பார்த்த ஆய்வுகளும் குறைவு.

மனிதர்களிடம் ஒன்றுமே சோதிக்கவில்லையா? அமுக்கரா 167 சதவீதம் கூட்டும் என்று விளம்பரத்தில் பார்த்தேனே?

அந்த எண் கற்பனை இல்லை. 2013-ல் வந்த ஒரு ஆய்வு. விந்தணு குறைவாக இருந்த 46 ஆண்கள், அதில் 21 பேருக்கு அமுக்கரா வேர்ச்சாறு தினமும் 675 மில்லிகிராம், 25 பேருக்கு மருந்தில்லாத வெறும் காப்ஸ்யூல். 90 நாள் முடிவில் அமுக்கரா குழுவில் எண்ணிக்கை 167 சதவீதம் கூடியது, அதாவது மில்லிலிட்டருக்கு 1 கோடிக்குச் சற்றுக் கீழே இருந்தது இரண்டரைக் கோடி ஆனது. நல்ல செய்திதான், ஆனால் 21 பேர். லக்னோவில் பூனைக்காலி விதைப்பொடி தினமும் 5 கிராம் பாலில் கலந்து மூன்று மாதம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதிலும் முன்னேற்றம், ஆனால் வெறும் காப்ஸ்யூல் குழு அதில் இல்லை. ஈரானில் 2014-ல் 68 பேரிடம் கருஞ்சீரக எண்ணெய் தினமும் 5 மில்லி, இரண்டு மாதம். அதிலும் எண்ணிக்கையும் ஓட்டமும் கூடின.

ஆனால் இந்த மூன்றும் மருந்தால் பாதிக்கப்பட்டவர்களிடம் நடந்ததல்ல. காரணம் தெரியாமலோ மன அழுத்தத்தாலோ குறைந்திருந்தவர்கள். இவற்றை எடுத்து "கீமோவிலிருந்து காக்கும்" என்று பேசுவது தவறு.

சின்ன ஆய்வில் கிடைத்த நல்ல பலன் பெரிய ஆய்வில் காணாமல் போவதும் இதே துறையில் நடந்திருக்கிறது. துத்தநாகமும் போலிக் அமிலமும் விந்தணுவைக் கூட்டும் என்று பல வருடம் எல்லாரும் எழுதிக் கொடுத்தார்கள், நானும் எடுத்துக் கொடுத்தேன். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துச் சோதித்த முடிவு 2020-ல் வந்தது. குழந்தை பிறந்தது மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம், எடுக்காதவர்களில் 35 சதவீதம். அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வில், 170-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிட்டின் எல்லாம் கலந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரை கொடுத்தும் விந்தணு அறிக்கை மாறவில்லை.

கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. கூடவே அமுக்கராவோ மஞ்சள் காப்ஸ்யூலோ எடுக்கலாமா?

உங்கள் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சைக்ளோபாஸ்பமைட் உள்ளே போகும்போது வேலை செய்யாத நிலையில்தான் இருக்கும், கல்லீரல்தான் அதைச் செயல்படும் மருந்தாக மாற்றுகிறது. கல்லீரலின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் எதுவும் மருந்தின் பலத்தை மாற்றிவிடும். அமுக்கராச் சூரணத்தில் அமுக்கரா மட்டும் இல்லை, மிளகும் திப்பிலியும் உண்டு. அவற்றிலுள்ள பைப்பரின் சில மருந்துகளின் இரத்த அளவை உயர்த்தும், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் அதில் ஒன்று. 2002-ல் வந்த ஒரு எலி ஆய்வில், உணவோடு குர்குமின் கொடுத்தபோது மார்பகக் கட்டியைச் சுருக்கும் சைக்ளோபாஸ்பமைடின் வேலை தடைபட்டது. "எலி ஆய்வை நம்பாதே என்றீர்களே" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நன்மை பற்றி எலி சொன்னால் காத்திருக்கலாம், ஆபத்து பற்றி எலி சொன்னால் ஒதுங்கி நிற்பதுதான் சரி.

அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்து மஞ்சள் காமாலை வரவைத்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கீமோ நடக்கும்போது கல்லீரல் அளவு ஏறினால், காரணம் மருந்தா சூரணமா என்று தெரியாமல் சிகிச்சையையே தள்ளிவைக்க நேரும். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அப்படியென்றால் கீமோவுக்கு முன் என்னதான் செய்வது?

விந்தணுவை உறையவைத்துச் சேமித்து வைப்பது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

உறைந்த விந்தணுவால் கருத்தரித்த செய்தி 1953-லேயே வந்துவிட்டது. இன்று திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறார்கள், வருடக்கணக்கில் கெடாது. உறையவைத்து உருக்கும்போது ஓட்டமுள்ள விந்தணுக்களில் பாதிகூட இழக்க நேரலாம். ஆனால் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை 1992-ல் வந்த பிறகு அது பெரிய தடை இல்லை. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1996-ல் விரைப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பதற்கு முன் இப்படிச் சேமித்து வைத்தார். அவருடைய முதல் மூன்று குழந்தைகளும் அதிலிருந்து பிறந்தவர்கள்தான்.

கீமோவின் முதல் ஊசிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தொடங்கிய பிறகு எடுத்தால் மரபணு சிதைந்த விந்தணுக்கள் கலந்திருக்கலாம். ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை கொடுத்தால் நல்லது, நேரமில்லை என்றால் ஒரே முறை கொடுத்தாலும் போதும். சிகிச்சை பெரும்பாலும் இதற்காகத் தள்ளிப்போக வேண்டியதில்லை. கருத்தரிப்பு மையம் இருக்கும் ஊர்களில் இந்த வசதி இருக்கும்.

என் கடைக்கு வந்துபோகும் ஒரு பையன், இருபத்து மூன்று வயது, நிணநீர்க் கட்டிக்காக வேறு ஊரில் சிகிச்சை எடுத்தான். உயிர் பிழைத்துவிட்டான், நன்றாக இருக்கிறான். கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் பரிசோதித்தார்கள். பூஜ்யம். "யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே" என்றான். அவனுக்கு அப்போது மருந்து எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வாந்தி மாத்திரையை எப்போது போடவேண்டும் என்று சொன்னேன், இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இளம் வயதுக்காரர் எவர் கீமோச் சீட்டோடு வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன். நோய் வந்த அதிர்ச்சியில் குடும்பத்தில் யாருக்கும் இந்த நினைப்பு வராது, வெட்கத்தில் பேச்சையும் எடுக்கமாட்டார்கள். அதனால் நீங்களே கேளுங்கள்: "பின்னால் எனக்குக் குழந்தை வேண்டும், விந்தணுவைச் சேமிக்க எங்கே போகவேண்டும்?" அவ்வளவுதான்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. அவனுக்கும் முடியுமா?

பருவமடைந்திருந்தால் பெரும்பாலும் முடியும். கூச்சப்படுவான். அம்மா அப்பா கேட்பதைவிட மருத்துவரோ செவிலியரோ தனியாகப் பேசினால் எளிது. பருவமடையாத சிறுவர்களுக்கு விரைத் திசுவில் ஒரு துளியை எடுத்து உறையவைக்கும் முறை இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது.

கீமோ முடிந்துவிட்டது, சேமிக்கவும் இல்லை. எல்லாம் போச்சா?

போகவில்லை. எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு முன்பு கொடுத்த மாப் என்ற கூட்டு மருந்து பெரும்பாலானவர்களை நிரந்தரமாகப் பாதித்தது. பின்னாளில் வந்த ஏபிவிடி கூட்டில் பெரும்பாலானவர்களுக்கு உற்பத்தி திரும்பிவிடுகிறது. சைக்ளோபாஸ்பமைட் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 4 கிராமுக்குக் கீழ் என்றால் நம்பிக்கை நன்றாக இருக்கிறது, ஏழரை கிராமைத் தாண்டினால் குறைந்துவிடும். லூபஸ் சிறுநீரகப் பாதிப்புக்கு இப்போது பல இடங்களில் கொடுக்கும் குறைந்த அளவுத் திட்டத்தில் ஆறு ஊசிக்கும் சேர்த்தே மொத்தம் 3 கிராம்தான். உங்கள் டிஸ்சார்ஜ் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், இந்தக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

சிலருக்கு இரண்டு வருடம், ஐந்து வருடம் கழித்துக்கூட விந்தணு திரும்பியிருக்கிறது. இந்த இடைவெளியில் யாராவது லேகியம் கொடுத்திருந்தால் அந்த லேகியத்துக்குப் பெயர் போய்விடும். அறிக்கையில் பூஜ்யமே தொடர்ந்தாலும், விரையை நுண்ணோக்கி வைத்துத் தேடி அங்கங்கே மிச்சமிருக்கும் விந்தணுக்களை எடுக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஒரு கணிசமான பங்கினருக்குக் கிடைக்கவும் செய்கிறது.

மூட்டுவாத மாத்திரை, குடல் அழற்சி மாத்திரை சாப்பிடுகிறேன். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம்.

சல்பாசலசின் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குடல் அழற்சிக்கு மெசலசின் என்ற மாற்று இருக்கிறது, அதில் இந்தப் பிரச்சினை இல்லை. மாற்றிய இரண்டு மூன்று மாதத்தில் எண்ணிக்கை திரும்பிவிடும். இதற்கு மூலிகையே தேவையில்லை, மருந்தை மாற்றினால் முடிந்தது. வருடக்கணக்கில் இதைச் சாப்பிட்டுக்கொண்டே லேகியமும் வாங்கிச் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும்.

மெத்தோட்ரெக்சேட்டை ஆண்கள் மூன்று மாதம் முன்பே நிறுத்தவேண்டும் என்று முன்பு சொன்னார்கள். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதலில், மூட்டுவாதத்துக்கான அளவில் எடுக்கும் ஆண்கள் அதைத் தொடரலாம் என்று மாற்றிவிட்டார்கள். சைக்ளோபாஸ்பமைடைக் கண்டிப்பாக நிறுத்தச் சொல்கிறார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நோய் திரும்பினால் அதுவே குழந்தைக் கனவைத் தள்ளிப்போடும்.

ஜிம்மில் ஊசி போட்டேன். நெருஞ்சில் காப்ஸ்யூல் எடுத்தால் சரியாகுமா?

நெருஞ்சில் மூளையின் கட்டளையைத் திறந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊசியை நிறுத்துங்கள், அதுதான் முதல் மருந்து. ஆண்களுக்கான கருத்தடையாக ஹார்மோன் கொடுத்துச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் ஒரு கணக்கு வெளியானது. நிறுத்திய 6 மாதத்தில் 67 சதவீதம் பேருக்கும், 12 மாதத்தில் 90 சதவீதம் பேருக்கும், 24 மாதத்தில் எல்லாருக்கும் மில்லிலிட்டருக்கு 2 கோடி என்ற அளவு திரும்பியது. அவர்கள் அளவோடு எடுத்தவர்கள். ஜிம்மில் மூன்று நாலு மருந்தைக் கலந்து பல மடங்கு எடுப்பவர்களுக்கு இன்னும் நாள் பிடிக்கலாம். அவசரம் என்றால் விரையைத் தூண்டும் ஹெச்சிஜி என்ற ஹார்மோன் ஊசி போன்ற சிகிச்சைகள் உண்டு, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். தம்பிகளா, "சைக்கிள் (ஊசி போடும் சுற்று) முடிஞ்சதும் இதைப் போட்டா சரியாயிடும்" என்று ஜிம்மில் கொடுக்கிற பொட்டலத்தை மட்டும் வாங்காதீர்கள்.

மனநல மாத்திரை எடுக்கிறேன், ஆசையே குறைந்துவிட்டது. பூனைக்காலி நல்லதாமே?

இது நுட்பமான இடம், கவனமாகப் படியுங்கள். ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகள் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றும், அது ஏறினால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், ஆசையும் குறையும். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே எல்-டோபா இருக்கிறது, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள். அது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளாக மாறிப் புரோலாக்டினைக் குறைக்கும். காகிதத்தில் பார்த்தால் கச்சிதமான பொருத்தம். ஆனால் உங்கள் மாத்திரை எதை அடக்கி வைத்திருக்கிறதோ, அதே டோபமினைத்தான் பூனைக்காலி கூட்டுகிறது. குரல் கேட்பது, சந்தேகம் வருவது எல்லாம் திரும்பிவிடலாம். புரோலாக்டின் ஏற்றாத வேறு மாத்திரைகள் இருக்கின்றன, மனநல மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். இதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

வலிப்புக்கோ மனநிலைக்கோ வால்புரோயேட் எடுக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கருத்தரிப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் அப்பா அதை எடுத்திருந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியில் பாதிப்பு வரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024 ஜனவரியில் முன்னெச்சரிக்கை விடுத்தது. திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசுங்கள், சொந்தமாக நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து.

மூலிகை என்றால் கெடுதல் இல்லையே, சும்மா எடுத்து வைப்போமே?

மூலிகையே விந்தணுவைக் கொல்லும். 1950களில் சீனக் கிராமங்கள் சிலவற்றில் குழந்தையே பிறக்காமல் போனதற்குக் காரணம் தேடியபோது, சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்ததுதான் என்று தெரிந்தது. அதிலுள்ள காசிப்பால் என்ற பொருளை எடுத்து, 1970களில் 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடையாகக் கொடுத்தார்கள். நன்றாக வேலை செய்தது. சிலருக்கு உற்பத்தி திரும்பவே இல்லை, சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தாக இறங்கியது. கைவிட்டுவிட்டார்கள். ஜெய்ப்பூரில் லங்கூர் குரங்குகளுக்குப் பப்பாளி விதைச் சாறு கொடுத்தபோது விந்தணு பூஜ்யமானது, நிறுத்தியதும் திரும்பியது. வேப்பெண்ணெய் ஆய்வகத்தில் விந்தணுவைக் கொல்கிறது. துளசி, வில்வ இலை இரண்டும் அதிக அளவில் எலிகளில் எண்ணிக்கையைக் குறைத்திருக்கின்றன. வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்தே நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்திய கல்யாணியிலிருந்து எடுத்ததுதான்.

கோயிலில் கொடுக்கும் ரெண்டு துளசி இலைக்கு யாரும் பயப்பட வேண்டாம். செடிக்குள் இருப்பதும் வேதிப்பொருள்தான், அளவுதான் எல்லாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆன்லைனில் வாங்கும் "ஆண்மை" லேகியங்கள்?

வேண்டாம். 2008-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் விந்தணுவை நேரடியாகக் குறைக்கும் நஞ்சு. "உடனடி பலன்" தரும் பொடிகளில் சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் சடாரென இறங்கி உயிர் போகலாம்.

சித்த மருத்துவரிடம் போகலாமா, கூடாதா?

போகலாம். பட்டம் பெற்று, பதிவு செய்த மருத்துவராகப் பாருங்கள், அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லா இங்கிலீஷ் மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள். அங்கே கொடுப்பதை உங்கள் இங்கிலீஷ் மருத்துவரிடம் வந்து சொல்லுங்கள். இரண்டு பக்கமும் மறைப்பதுதான் ஆபத்து. "சொன்னால் திட்டுவார்" என்று மறைக்கிறார்கள். திட்டினால் திட்டட்டும்.

நோய் குணமாகி, மருந்தெல்லாம் நின்றுபோய், கல்லீரல் நன்றாக இருக்கும் ஒருவர் மேற்பார்வையில் மூன்று மாதம் அமுக்கரா எடுத்துப் பார்ப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பலன் கிடைக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களும் புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும் தவிர்க்கவேண்டும்.

சாப்பாட்டில் என்ன சேர்ப்பது?

முருங்கைக்கீரை, நெல்லிக்காய், மாதுளை, நிலக்கடலை, மீன். சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. மருந்தை எதிர்த்து நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். புகை, பான்பராக், அதிகக் குடி இவற்றை விடுவது எந்தக் கீரையைவிடவும் அதிகம் செய்யும்.

பரிசோதனை எப்போது, எப்படி?

பாதிக்கும் மருந்து எதையும் தொடங்கும் முன் ஒரு முறை. அது இல்லாவிட்டால் பின்னால் குறைவு என்று வரும்போது மருந்தாலா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது. மருந்து முடிந்து மூன்று மாதத்துக்கு முன் பார்ப்பதில் பயனில்லை, காரணம் அந்த 74 நாள் கணக்கு. கீமோ என்றால் ஒரு வருடம் கழித்தும் பாருங்கள். விந்து வெளியேறி 2 முதல் 7 நாள் இடைவெளி இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுப்படி மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், ஓட்டம் 42 சதவீதம் என்பவை கீழ் எல்லை. அதற்குக் கீழே வந்தாலும் இயற்கையாகக் குழந்தை பெற்றவர்கள் உண்டு. ஒரு அறிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள், போன மாதம் வந்த கடும் காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். சில வாரம் கழித்து இரண்டாவது முறை பாருங்கள்.

கீமோ முடிந்த பிறகு எண்ணிக்கை நன்றாக இருந்தாலும், குறைந்தது ஆறு மாதமோ மருத்துவர் சொல்லும் காலமோ கருத்தடை பயன்படுத்துங்கள். மருந்து பட்ட விந்தணுக்கள் எல்லாம் வெளியேறி, புதியவை வர அவ்வளவு நாள் வேண்டும்.